வாய்ஸ் சேஞ்சரும் எங்க ஊரு ‘ங்’கும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

“நீங்க கதை சொல்றப்பப் போடற வாய்ஸ் சேஞ்சர் பாதி விலைக்கு வந்திருக்குதுங், வாங்கிப் போடட்டுமுங்ளா?” என்று கோபியிலிருந்து பங்காளி ஒருத்தர் கேட்டிருந்தார். ஃபோனில் ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ரெண்டு வருசத்துக்கு மேலாகக் காசு கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பாராட்டவும் இருக்கிறது, கோபமும் நிறைய இருக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

மென்பொருளின் பெயர் வேண்டாம். இந்த வகையில் வேறு சிலவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லப்போகும் குறை அவற்றிலும் கூடக்குறைய இருக்கிறது. மைக்கில் பேசினால் வேறு குரலாக மாறும், அந்தக் குரல் இன்னொரு மைக் மாதிரி ஓபிஎஸ் (நேரலை ஒளிபரப்பு மென்பொருள்), ஜூம் எல்லாவற்றிலும் தெரியும் என்கிற அடிப்படையெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

எனக்குச் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டித் தறிக்குடோன். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட, சொந்தபந்தத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களின் சேக்காளிகளுக்கும் நேரலையில் கதை சொல்கிறேன். பெங்களூரிலும் துபாயிலும் வளர்கிற பிள்ளைகள். அவர்கள் காதில் நம்ம ஊர்ப் பேச்சு விழ வேண்டும் என்பதற்காகவே ஆரம்பித்தது. ஆகையால் என் கதையில் காக்காயும் கொங்குத் தமிழ், நரியும் கொங்குத் தமிழ்.

வினையே அங்கேதான். நம் பேச்சில் மரியாதை முழுக்க வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. “வாங்”, “சொல்லுங்”, “ஆமாங்”. அந்த ‘ங்’கை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, மூக்கு வழியாக மெதுவாக இறங்கிப் போகும். அதன் பலமெல்லாம் 250, 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கீழேயே நின்றுவிடும். என் மீட்டரில் ‘வா’ என்பது -15 டெசிபல் வரைக்கும் எகிறினால், பின்னால் வரும் ‘ங்’ -38க்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வாய்ஸ் சேஞ்சருக்குள் நாய்ஸ் கேட் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சத்தம் போனால், பேச்சு முடிந்தது என்று கதவைச் சாத்திவிடுவது அதன் வேலை. ‘ங்’ வருவதற்குள் அது சாத்திவிடுகிறது.

நடந்ததைச் சொன்னால்தான் புரியும். நரி மரத்தடியில் நின்று காக்காயைக் கெஞ்சுகிறது. நான் மைக்கில் சொன்னது: “ஏனுங் காக்காயக்கா, சித்த பாட்டு ஒண்ணு பாடுங். உங்க பாட்டக் கேக்கோணும்னுதானுங் வந்தேன்.” துபாயில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது: “ஏனு காக்காயக்கா, சித்த பாட்டு ஒண்ணு பாடு.” அந்த வீட்டில் பேத்தியோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அமுச்சி நேரலையிலேயே கேட்டுவிட்டார்: “ஏங் கண்ணு, நரி காரியம் ஆகோணும்னு வந்துபோட்டு வா போன்னு பேசுதே?” கதையின் உயிரே நரியின் இச்சகப் பேச்சுதான். அந்த இச்சகமே போய்விட்டால் காக்கா எதற்காக வாயைத் திறக்கும்?

கேட்டை அணைத்துவிட்டால் போகாதா என்றால், பக்கத்தில் தறி. மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தைச் சத்தக் குறைப்பு வடிகட்டிகள் நன்றாகவே பிடித்து அழித்துவிடும். தறிச் சத்தம் அப்படியில்லை. நாடா ஒவ்வொரு தடவையும் பெட்டியில் மோதுகிற அடி, நிமிசத்துக்கு 100க்கு மேல், ஒவ்வொன்றும் தனித்தனிச் சத்தம். கேட்டை இறக்கினால் ‘கடக் கடக்’ உள்ளே வருகிறது. ஏற்றினால் ‘ங்’ வெளியே போகிறது. இந்த மென்பொருளில் அந்தக் கேட்டுக்கு ஒரே ஒரு ஸ்லைடர். எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகச் சாத்த வேண்டும் என்று சொல்ல இடமே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு விற்கிற பொருளில் இதை இன்றுவரை வைக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுதிக் கேட்டால் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே பதில்.

சரி, நான் எப்படித் தீர்த்தேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

முதலில் மைக். சுற்றுச் சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும் கண்டென்சர் மைக்கை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் பேசுவதையே அதிகம் எடுக்கும் டைனமிக் மைக் மாட்டினேன். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் தூரம். தூரம் பாதியானால் நம் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், தறிச் சத்தம் அப்படியேதான் இருக்கும். கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அந்தப் பின்பக்கத்தைக் குடோன் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். மீட்டரில் -35இல் அடித்துக்கொண்டிருந்த தறி -48க்கு இறங்கியது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அடுத்தது, வாய்ஸ் சேஞ்சருக்குள் இருக்கும் கேட்டை முழுசாக அணைத்துவிட்டு, ஓபிஎஸ்ஸில் இருக்கும் நாய்ஸ் கேட்டை அதற்கு முன்னால் போட்டேன். ஓபிஎஸ் இலவசம், அதில் எல்லா அளவும் தனித்தனியாக இருக்கிறது. அது தானாக வைத்திருப்பது: திறக்க -26, சாத்த -32, பிடித்து வைக்க 200 மில்லி செகண்ட், மெதுவாக இறக்க 150. அதில் ‘ங்’ பிழைக்காது. திறப்பதை -34, சாத்துவதை -44, பிடிப்பதை 300, இறக்குவதை 250 என்று மாற்றினேன். தறி -48இல் இருப்பதால் கதவைத் திறக்காது, ‘ங்’ -38இல் இருப்பதால் கதவு சாத்தாது. மைக் சோர்ஸை ‘மானிட்டர் மட்டும்’ என்று வைத்து, மானிட்டர் சாதனமாக விபி-கேபிளை (ஒரு மென்பொருளின் சத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் மென்பொருள் ஒயர்) தேர்ந்தெடுக்க வேண்டும். வாய்ஸ் சேஞ்சரின் உள்ளீடு அந்தக் கேபிளின் மறுமுனை. மாறிய குரலை ஓபிஎஸ்ஸில் தனி சோர்ஸாகச் சேர்த்தால் முடிந்தது. தறி அதிர்வைக் குறைக்கக் கீழ்ச்சத்தத்தை வெட்டுகிறவர்கள் 80, 100 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 300 வரைக்கும் வெட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பினால் ‘ங்’ அதோடு போகும்.

அன்றைக்கு நரி “பாடுங்” என்று சொல்லி, துபாயில் அது “பாடுங்” என்றே கேட்டபோது எனக்கு உண்டான சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

மற்றதெல்லாம் எல்லா ஊருக்கும் பொதுவான தொல்லைகள். குரல் பொரிகிறது என்றால் முதலில் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்ற கணக்கைப் பாருங்கள். மைக், கேபிள், வாய்ஸ் சேஞ்சர், ஓபிஎஸ் எல்லாம் 48,000 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் 44,100இல் நின்றால் பொரியும். சில சமயம் குரலே தடித்து மெதுவாகிப் போகும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து வேலை பார்க்கும் சத்தத்தின் அளவு. 256 சாம்பிள் என்பது 48,000இல் 5 மில்லி செகண்ட் சொச்சம். கணினி அந்த நேரத்துக்குள் வேலையை முடிக்காவிட்டால் இடையில் ஓட்டை விழும், அதுதான் பொரியல் சத்தம். 512 வைத்தால் 10 சொச்சம், 1024 வைத்தால் 21 சொச்சம். கதை சொல்ல 1024 தாராளம். பஃபரை ஏற்றியும் பொரிந்தால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள், எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டும். என் லேப்டாப்பில் வைஃபை டிரைவர். கதை நேரத்தில் வைஃபையை அணைத்துவிட்டு ஒயர் இணைப்பில் போகிறேன்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கைப் போட்டீர்களானால் அது போன் பேசும் முறைக்கு மாறி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்தக் குரலை எந்த மென்பொருளாலும் நரியாக்க முடியாது. ஒயர் ஹெட்செட்டே போதும். எதிர்முனைச் செயலியில் சத்தக் குறைப்பை அணையுங்கள். மாறிய குரலை இரைச்சல் என்று நினைத்து அதுவும் ஒரு பக்கம் தின்னும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது.

‘ம்ம்ம்’ என்ற உறுமல் ஒன்று இருந்தது, சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் உறுமல், எர்த் சரியில்லை. எலக்ட்ரீசியன் வந்து எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார், உறுமல் அடங்கியது. கோடையில் குழி காய்ந்தால் மறுபடி தலைகாட்டும், ஒரு குடம் ஊற்றிவிடுவேன்.

ஏஐ குரல் பற்றியும் பங்காளி கேட்டார். ஆர்விசி (ஒருவர் குரலை ஏஐ வழியாக இன்னொருவர் குரலாக்கும் மென்பொருள்) வகைக் குரல்கள் கேட்க அசல் மனிதக் குரல்தான். வெறுமனே சுருதியை ஏற்றி இறக்குகிற பழைய முறை அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அடியில் பேச்சைப் பிரித்தறியும் ஹ்யூபர்ட் வகை ஏஐ மாடல் பழகியது லிப்ரிஸ்பீச் என்ற தொகுப்பில், அதாவது 960 மணி நேர ஆங்கில ஒலிநூல் வாசிப்பில். அது நம் ழகரத்தை எங்கே கேட்டிருக்கும்? என் ‘வாழைப்பழம்’ பாதி நேரம் ‘வாளப்பளம்’ ஆகிறது. தமிழ் சொல்லிக்கொடுக்கத்தான் நான் கதை சொல்கிறேன்; ழகரத்தைக் கெடுத்துப் பிள்ளைகள் காதில் ஊற்ற மாட்டேன். தாமதமும் கூட. குரல் கால் நொடி, அரை நொடி கழித்துத்தான் வரும். அதை நம் காதிலேயே கேட்டுக்கொண்டு பேசினால் நாக்குத் தடுமாறும். சுமார் 200 மில்லி செகண்ட் தாமதத்தில் தடுமாற்றம் உச்சத்துக்குப் போகும். ‘என் குரலை நான் கேட்க’ என்ற பொத்தானை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

உள்ளூர்ப் பெரிய மனுசர் ஒருத்தர் குரலைப் போட்டுத் தர முடியுமா என்று ஒரு தரம் கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உயிரோடு இருக்கிற ஆளின் குரலைச் சம்மதமில்லாமல் எடுப்பது திருட்டு.

இவ்வளவும் தாங்கிக்கொண்டு ஏன் ஓட்டுகிறேன் என்றால், இதன் நரிக்குரல். சுருதியையும் குரலின் வடிவத்தையும் தனித்தனியாக மாற்ற விடுகிறது. சுருதியை 4 படி ஏற்றி வடிவத்தைக் கொஞ்சமே சுருக்கினால், எலிக்குரலாகக் கீச்சிடாமல் தந்திரக்கார நரி ஒன்று பேசும். தாராபுரத்துப் பெண்பிள்ளை ஒன்று, வீட்டுக்கு ஒறம்பரை வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் பிள்ளை, கதை முடிந்ததும் மைக்கை எடுத்து நரியிடம் கேட்கிறது: “ஏனுங் நரி, அடுத்த வாரமும் வருவீங்ளா?” நரியின் ‘ங்’கைக் கேட்டுக் கேட்டு அதுவும் ‘ங்’ போடுகிறது. இதற்காகத்தான் அந்த எர்த் குழியும் அந்த மைக்கும்.

ஆனால் பங்காளி, வாங்காதீங்க. பாதி விலையென்றாலும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல டைனமிக் மைக் வாங்கி, ஓபிஎஸ்ஸில் கேட்டைச் சரியாக வைத்து, உங்கள் சொந்தத் தொண்டையில் நரியைப் பேசுங்க. ஒவ்வொரு அப்டேட்டிலும் நான் அணைத்து வைத்த கேட்டை அதுவாகத் திறந்துவைக்கிற பொருளுக்கு இன்னொருத்தரைக் காசு கட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் சந்தா அடுத்த மாசம் முடிகிறது, நான் கட்டத்தான் போகிறேன். அந்தத் தாராபுரத்துப் பிள்ளைக்குப் பதில் சொல்ல நரி வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மீறி வாங்கினால், கதை இருக்கிற வாரத்தில் மட்டும் அப்டேட்டைத் தொடாதீங்க.