புளோரிடா, கலிபோர்னியா: வகுப்பறைக்குள் இனவெறியின் வரலாறு

அமெரிக்கப் பள்ளிகளில் இனவெறியை எப்படிக் கற்பிப்பது என்பதில் இந்த இரண்டு மாநிலங்களும் எதிரெதிர் திசையில் நடக்கின்றன.

புளோரிடாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் ரான் டிசான்டிஸ் 2022இல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்னோர் செய்த தவறுக்காக ஒரு மாணவர் தன் இனத்தின் பெயரால் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று கற்பிக்கக் கூடாது என்கிறது அது. படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எல்லை எங்கே என்று தெரியாத ஆசிரியர் பாடத்தையே சுருக்கிவிடுவார். என் கவலை அதுதான். அடிமைகள் கற்ற தொழில்திறன் சில சமயம் அவர்களுக்கே பயன்பட்டது என்ற வரி 2023 பாடத்திட்டத்தில் வந்தபோது மனம் வலித்தது. இத்தனைக்கும் கறுப்பின வரலாற்றைக் கற்பிக்க வேண்டும் என்று 1994இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. 1920இல் ஒகோயி ஊரில் வாக்களிக்க முயன்ற கறுப்பின மக்கள் மீது நடந்த கொலைவெறித் தாக்குதலையும் பாடத்தில் சேர்க்க 2020இல் சட்டம் வந்தது.

கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் கவின் நியூசம் 2021இல் வேறு வழி எடுத்தார். 2030இல் உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களிலிருந்து இனக்குழுக்கள் பற்றிய பாடம் கட்டாயம். அங்கும் சண்டை ஓயவில்லை. 2019இல் வந்த மாதிரிப் பாடத்திட்ட வரைவை யூத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, அப்புறம் அது திருத்தப்பட்டது. நிதி ஒதுக்கினால்தான் இந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வரும் என்று சட்டமே சொல்கிறது.

என் பிள்ளைக்கு என்றால் கலிபோர்னியாவின் வழியைத்தான் கேட்பேன், அதற்கான பணத்தோடு சேர்த்து.