ஜப்பானியக் கராவோக்கேயில் இருகுரல் பயிற்சி: எந்தப் பாட்டில் தொடங்குவது?

கராவோக்கே அறையில் இருவர் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடுவது எளிது. ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதே சொற்களை அதே தாளத்தில், ஆனால் அதற்கு இசைவான வேறு சுரங்களில் பாடுவதுதான் கடினம். ஜப்பானில் இதை ‘ஹமோரி’ என்கிறார்கள். மெட்டுக்கு மேலே பாடினால் ‘உஎஹமோ’, கீழே பாடினால் ‘ஷிதஹமோ’. இதற்கு எளிய பாட்டு எது என்று கேட்டால், எல்லோருக்கும் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பாடுங்கள் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. மெட்டு அடுத்தடுத்த சுரங்களில் நடக்கிறதா, இரண்டாவது குரலின் வழி முன்பே காதில் பதிந்திருக்கிறதா, அந்த வழி பாடுபவரின் குரல் எல்லைக்குள் அடங்குகிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே ஒரு பாட்டை எளிது என்று சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் பின்தங்குவது, வெளிநாட்டினர் அதிகம் தேர்ந்தெடுக்கும் ‘உஎ ஓ முயிதே அருகோ’. சகாமொத்தோ கியூ 1961இல் பாடி, 1963இல் ‘சுகியாகி’ என்ற பெயரில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த பாட்டு அது. தனியாகப் பாட அருமையான பாட்டு; இருகுரலுக்கு அப்படியல்ல. அது ஒற்றைக் குரலுக்காக அமைந்த பாட்டு என்பதால், நினைவிலிருந்து எடுத்துப் பாட இரண்டாவது குரல் ஒன்று நம் காதில் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் சுரங்களில் இருக்கிறது. நமக்குப் பழகிய மொழியில் சொன்னால், அதன் மெட்டு பெரும்பாலும் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில், அதாவது ச ரி க ப த என்பவற்றில் நடக்கிறது. இரண்டாவது குரல் சாதாரணமாக மெட்டுக்கு மூன்றாம் சுரத்தில் நிற்கும். ச பாடும்போது க, க பாடும்போது ப என்று போகும்வரை தொல்லை இல்லை. மெட்டு ரியில் நிற்கும்போது இரண்டாவது குரலுக்கு ம வேண்டும், பவில் நிற்கும்போது நி வேண்டும். மெட்டில் அரிதாகவே கேட்கும் அந்த இரண்டு சுரங்களையும் புதிதாகப் பழகும் ஒருவர் தாமாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தில்தான் குரல் மெட்டுக்குள் திரும்பி விழுந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான பாட்டு ‘கஎரு நோ உதா’. ஜெர்மனியிலிருந்து வந்த மெட்டில் அமைந்த குழந்தைப் பாட்டு. தவளைகள் கத்துவதைப் பாடும் சில வரிகள் மட்டுமே. முதல் வரி ச ரி க ம க ரி ச, இரண்டாவது வரி க ம ப த ப ம க. ஒருவர் முதல் வரியை முடித்து இரண்டாவதற்குப் போகும்போது மற்றவர் முதல் வரியைத் தொடங்கினால், இருவரின் குரலும் சுரத்துக்குச் சுரம் சரியாக மூன்றாம் சுர இடைவெளியில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். யாரும் தனியாக ஒரு வழியைக் கற்க வேண்டியதில்லை. அவரவர் தமக்குத் தெரிந்த மெட்டையே பாடுகிறார்கள். இசைவு தானாகவே அமைகிறது. மொத்த மெட்டும் ச முதல் த வரை ஆறு சுரங்களுக்குள் அடங்குவதால் எந்தக் குரலுக்கும் எட்டும். பெரியவர்கள் இதைப் பாடக் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே. பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் சுரத்தை விடாமல் பிடிப்பது எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு சீக்கிரம் உணர்த்தும் வேறு பாட்டு எனக்குத் தெரியாது.

அடுத்த படியில் ‘ஃபுருசாதோ’வும் ‘த்சுபாசா ஓ குதாசாய்’யும் போட்டியிடுகின்றன. 1914இல் பள்ளிப் பாட்டாக வெளிவந்த ‘ஃபுருசாதோ’வுக்கு இசையமைத்த ஒக்கானோ தெய்இச்சி, தோக்கியோவில் ஒரு கிறித்தவ ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மூன்று தட்டுத் தாளத்தில் தேவாலயப் பாடல்களின் நிதானத்தோடு நகரும் அந்த மெட்டு, தொடக்கத்திலிருந்தே பல குரல்களை எதிர்பார்ப்பது போல அமைந்திருக்கிறது. இங்கே ம, நி இரண்டும் மெட்டிலேயே வருவதால் முன்பு சொன்ன சிக்கல் எழுவதில்லை. ஆனால் சுரங்கள் நீண்டு நிற்பதால் சுருதி சற்றே விலகினாலும் அது அப்பட்டமாகக் கேட்கும். மூச்சும் நிறையத் தேவை.

அக்காய் தோரி குழு 1971இல் இசைத்தட்டாக வெளியிட்ட ‘த்சுபாசா ஓ குதாசாய்’ பின்னர் பள்ளிப் பாடநூல்களுக்குள் புகுந்து, ஜப்பானியர் பலரும் வகுப்பறையிலேயே சேர்ந்து பாடிப் பழகிய பாட்டாகிவிட்டது. பள்ளிகளில் பாடும் வடிவங்களில் முதற்பகுதியை எல்லோரும் ஒரே குரலாகப் பாடி, வானில் சிறகு விரிக்கும் பல்லவிக்கு வந்ததும் குரல்கள் பிரிவது வழக்கம். புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய உதவி: முதற்பகுதியில் இருவரும் சுருதியை ஒன்றாக நிலைநிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பிரியலாம், தடுமாறினாலும் அடுத்த சரணத்தில் மீண்டும் ஒன்றுசேர இடம் உண்டு. கூடப் பாடுபவர் ஜப்பானியராக இருந்தால், பள்ளியில் கீழ்க்குரல் பாடிய நினைவு அவருக்கு இருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

பிற்காலப் பாட்டுகள்தான் வேண்டும் என்பவர்களுக்கு இருவர் குழுக்கள் இருக்கின்றன. ஒக்கினாவாவைச் சேர்ந்த கிரோரோவின் ‘மிராய் ஏ’ (1998) நிதானமான பாட்டு; பல்லவியிலேயே தொடங்கி அதற்கே திரும்பத் திரும்ப வருவதால், ஒரு பகுதியை மட்டும் நன்றாகப் பழகினாலே பாட்டின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். பெண் குரல்கள் இரண்டுக்கு இதுவே என் தேர்வு. ஆண்கள் யுசுவையும் கொபுகுரோவையும் நாடுகிறார்கள். யுசுவில் கித்தாகாவா மெட்டைப் பாடும்போது இவாசாவாவும், கொபுகுரோவில் குரோதாவின் கனத்த குரலுக்கு கொபுச்சியும் மேலே ஏறிப் பாடுவது அவர்களின் அடையாளம். இசைத்தட்டிலேயே இரண்டாவது குரல் தெளிவாகக் கேட்பதால் கற்பது எளிது, எட்டுவதுதான் கடினம். யுசுவின் ‘நாத்சுஇரோ’ (1998) துள்ளலான வேகத்தில் ஓடுவது. சொற்களைப் பிடிப்பதற்குள் சுரம் போய்விடும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்காக ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே பயன்படுத்திய, யுசுவின் ‘எய்கோ நோ காகெஹாஷி’யும், கொபுகுரோவின் ‘சகுரா’வும் (2005) மெதுவானவை, இவற்றை இரண்டு மூன்று அரைச்சுரங்கள் இறக்கி வைத்துப் பாடலாம். மேல் குரலுக்கு எட்டும்படி சுருதியை அமைத்துவிட்டு, மெட்டுப் பாடுபவர் அதற்குத் தக இறங்கிக்கொள்வதே முறை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் ஒரு நல்ல வழி இருக்கிறது. பெண் மெட்டைப் பாட, மேல் குரலின் சுரங்களையே ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். மெட்டு சவில் நிற்கும்போது அவர் கீழ் ஸ்தாயி கவில் இருப்பார். கேட்கவும் நிறைவாக இருக்கும், குரலும் வருந்தாது.

இயந்திரத்தின் பக்கம் கவனிக்க வேண்டியவை இரண்டு. மதிப்பெண் வசதி பொதுவாக மெட்டையே அளப்பதால், சரியாகப் பாடும் இரண்டாவது குரலையும் அது பிழையாகக் காட்டக்கூடும். அதை அணைத்துவிட வேண்டும். மெட்டை மெல்ல வாசித்துக்காட்டும் வழிகாட்டி ஒலியோ, தனியாகப் பழகும்போது துணைப் பாடகராகவே உதவும். அதை நன்றாகக் கேட்கும்படி ஏற்றிவைத்து அதற்கு எதிராக இரண்டாவது குரலைப் பாடிப் பழகிவிட்டு, துணைக்கு ஆள் வந்ததும் நிறுத்திவிடலாம்.