உதிரிபாகம்: ஸ்டோரில் அடுக்குவதா, கோப்பாக வைத்துக்கொள்வதா?

பேக்கிங் லைன் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. அதன் கன்வேயரில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு நைலான் பல்சக்கரம் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பல் தேய்ந்துவிடும். கடைசியாகப் போனபோது ஸ்டோரில் இருப்பு இல்லை. மெஷின் விற்றவர்களிடம் கேட்டால், ஐம்பது எடுத்தால்தான் தருவோம், அதற்கும் பதினோரு வாரம் ஆகும் என்றார்கள். வழக்கம்போல வாங்கி அடுக்குவதா, இல்லை வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு வேண்டும்போது 3டி பிரிண்டரில் எடுத்துக்கொள்வதா என்று அன்றுதான் யோசித்தேன்.

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் மோல்டு போட்டு வார்ப்பதே மலிவு, ஒன்றிரண்டுக்கு பிரிண்டர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை பிரிண்டர் பக்கம் தள்ளியது அந்த ஐம்பது. மோல்டை மெஷினில் ஏற்றி செட் செய்கிற வேலை, ஒன்று வார்த்தாலும் ஐநூறு வார்த்தாலும் அதேதான். அதனால் அவர்கள் ஐம்பது கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஐம்பதும் தீர எனக்கு நூறு வருடம் வேண்டும். ஸ்டோரில் இப்படி எத்தனை இருக்கின்றன என்று ஒருநாள் பார்த்தேன். ஆறு வருடமாகத் தொடாத ஒரு பெட்டியில் ரப்பர் சீல்கள் விறைத்துக் கிடந்தன. ஒன்றை வளைத்ததும் விரிசல் விட்டது. பணமும் முடங்கி, பொருளும் வீண். கோப்புக்கு ரேக்கும் வேண்டாம், அது காலாவதியும் ஆகாது. பாகத்தைச் செய்த நிறுவனமே மூடிவிட்டால்? ஸ்லோவேனியாவின் கிர்ஷ்கோ அணுமின் நிலையத்தில் அதுதான் நடந்தது. தீயணைப்பு பம்பின் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தை, செய்தவர்கள் தொழிலிலேயே இல்லை. பழைய பாகத்தை அளந்து கணினியில் மாதிரி உருவாக்கி, உலோகத்தில் பிரிண்ட் எடுத்தது சீமென்ஸ். 2017-ல் அது பம்பில் ஏறியது.

நாங்களும் தேய்ந்த சக்கரத்தை வெர்னியரில் அளந்து வரைந்தோம். முதலில் எடுத்தது ஒரே வாரத்தில் பல் உடைந்தது. காரணம், சக்கரத்தை நிற்கவைத்து பிரிண்ட் செய்திருந்தோம். பிரிண்டர் பாகத்தை அடுக்கடுக்காகத்தான் கட்டும்; அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிளந்துகொண்டது. படுக்கவைத்து எடுத்தது எட்டு மாதமாக ஓடுகிறது. இரண்டு வருடம் தாங்குமா என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். உலோகத்தில் நான் கை வைத்ததில்லை, அதனால் என் சிபாரிசு பிளாஸ்டிக்கோடு நிற்கிறது.

அப்புறம், சப்ளை செயின் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாகத்துக்காகக் காத்திருந்த இடத்தில் இப்போது பிரிண்டர் உருக்கிப் பயன்படுத்துகிற நைலான் இழைச் சுருளுக்காகக் காத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம்: ஒரே சுருளில் பல பாகங்கள் எடுக்கலாம், அதனால் எது உடையும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. சுருளைக் காற்றுப்படாமல் வைக்கவேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஈரம் குடித்த நைலான், உருகி வெளியே வருகிற நாசிலில் படபடவென்று பொரியும், பாகமும் பொக்காகிவிடும்.

பேரிங், பெல்ட், சீல் மூன்றையும் இன்றும் வாங்கித்தான் வைக்கிறேன். சீல் மட்டும் ஒரு வருடத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. பல்சக்கரத்துக்கு ஒரு கோப்பு, காற்றுப்புகாத டப்பாவில் ஒரு சுருள், ஆணியில் தொங்குகிற ஒரே ஒரு உபரி.