பச்சை 1 சென்ட் வாஷிங்டன்: பெர்ஃப் கேஜா, வாட்டர்மார்க்கா, மில்லிமீட்டர் ஸ்கேலா?

1908ல இருந்து 1922 வரைக்கும் அமெரிக்கால ஓடுன வாஷிங்டன்-ஃப்ராங்க்ளின் ஸ்டாம்ப் சீரிஸ்ல கைய வச்சவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். இருக்கறது வாஷிங்டன், ஃப்ராங்க்ளின்னு ரெண்டே தலை, ஆனா ஒவ்வொரு ஸ்டாம்ப் வகைக்கும் நம்பர் தர்ற ஸ்காட் கேட்லாக்ல பக்கம் பக்கமா நம்பர் ஓடும். ஒரு பச்சை 1 சென்ட் வாஷிங்டன நீட்டி இது எந்த நம்பர்னு கேட்டா ஒருத்தர் ஓரத்துத் துளைய அளக்கற பெர்ஃப் கேஜ எடுப்பாரு, ஒருத்தர் பேப்பருக்குள்ள இருக்கற வாட்டர்மார்க் எழுத்தப் பாக்க கருப்பு ட்ரேயும் ஃப்ளூயிடும் எடுப்பாரு, இன்னொருத்தர் ஸ்கேல வச்சு டிசைன அளப்பாரு. மூணுல ஒண்ணத்தான் முதல்ல எடுக்கணும்னா நான் ஸ்கேல்தான் எடுப்பேன்.

பெர்ஃப் கேஜ் வேகமானது, அதுல சந்தேகமே இல்ல. 2 செ.மீ.ல எத்தனை துளைன்னு பாத்தா போதும், அந்த எண்ணிக்கைதான் பெர்ஃப். ஷீட் ஸ்டாம்ப்னா (தாளா வர்றது) முதல்ல 12, 1914ல 10, 1917ல 11னு மாத்துனாங்க, அதனால ஒரே நிமிஷத்துல காலம் குத்துமதிப்பா பிடிபட்டுடும். பிரச்சனை என்னன்னா துளைங்கறது ஸ்டாம்ப் அச்சாகி வெளிய வந்தப்புறமும் யார் வேணா போடலாம், யார் வேணா வெட்டலாம். ரெண்டு பக்கம் துளைய நேரா வெட்டிட்டு காயில் ஸ்டாம்புனு (சுருளா வர்ற, ரெண்டு ஓரம் நேரா இருக்கற ஸ்டாம்ப்) விக்கறவங்க இருக்காங்க, ஓரம் நேரா இருக்கற ஷீட் ஸ்டாம்ப்ல புதுசா துளை போட்டு விக்கறவங்களும் இருக்காங்க. அதனால கேஜ் சொல்றது துளையப் பத்தி மட்டும்தான்.

வாட்டர்மார்க்குக்குன்னு ஒரு இடம் இருக்கு, அங்க அத விட்டா வேற வழியே கிடையாது. 1910 வரைக்கும் டபுள் லைன் எழுத்து, அப்புறம் சிங்கிள் லைன், 1916ல இருந்து ஒண்ணுமே இல்லாத பேப்பர். பெர்ஃப் 10 பச்சைய எடுத்துக்குங்க, 424ம் 462ம் ரெண்டுமே ஃப்ளாட் ப்ளேட் (தட்டையான தகட்டுல அடிச்சது), ரெண்டுக்கும் ஒரே டிசைன், ஒண்ணுல சிங்கிள் லைன் வாட்டர்மார்க் இருக்கும் இன்னொண்ணுல இருக்காது, வித்தியாசமே அவ்வளவுதான். ஆனா ஒரு ஸ்டாம்புக்கு எழுத்தோட ஒரு துண்டுதான் வரும், சிங்கிள் லைன் வேற ரொம்ப மெலிசு, மேல முத்திரை மை அடர்த்தியா விழுந்திருந்தா கண்ணுக்கே தட்டுப்படாது. அதனால வாட்டர்மார்க் தெரிஞ்சா அது கெட்டியான சாட்சி, தெரியலைன்னா அத வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. திரும்ப ஒரு தடவ முக்கிப் பாருங்க.

இப்ப ஸ்கேலுக்கு வருவோம். 498, 525, 544, 545னு நாலு நம்பர் இருக்கு. நாலுமே பச்சை 1 சென்ட் வாஷிங்டன், நாலுமே பெர்ஃப் 11, நாலுலயும் வாட்டர்மார்க் கிடையாது. கேஜும் ட்ரேயும் இங்க வாயத் திறக்காது. 498 ஃப்ளாட் ப்ளேட்ல அடிச்சது, எடைக்கு விக்கற எந்தக் கிலோ மிக்ஸ்லயும் கிடைக்கும். 544 ரோட்டரி பிரஸ்ல 1922ல வந்தது, நல்ல காப்பிக்கு ஆயிரக்கணக்குல டாலர் கேப்பாங்க. ரோட்டரில ப்ளேட்ட உருளைல மாட்ட வளைப்பாங்க, வளையற திசைல டிசைன் கொஞ்சம் நீண்டுடும். ஃப்ளாட் ப்ளேட்னா சுமார் 18.5-19க்கு 22 மி.மீ., 544னா 19க்கு 22.5, அதாவது உயரம் கூட. 545 காயிலுக்குன்னு அடிச்சதுல மிஞ்சுனது, அது 19.5-20க்கு 22, அதாவது அகலம் கூட. அரை மில்லிமீட்டர்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது!

அரை மில்லிமீட்டர வெறும் ஸ்கேல்ல பாக்க கண்ணு நடுங்கும், அதுக்கு பழைய கலெக்டர்கள் செய்யற வழிதான் பெஸ்ட். கிழிஞ்ச 498 ஒண்ண எடுத்து டிசைனோட ஃப்ரேம் கோட்டுலயே சுத்தமா வெட்டிக்குங்க, சந்தேகப்படற ஸ்டாம்ப் மேல மூலைக்கு மூலை வைங்க. கீழ ஒரு கோடு எட்டிப் பாத்தா உயரம் கூட, பக்கத்துல எட்டிப் பாத்தா அகலம் கூட. பின்பக்கமும் திருப்பிப் பாருங்க, பச்சை மைப் பொட்டு ஒட்டியிருந்தா பெரும்பாலும் ஃப்ளாட் ப்ளேட்தான், ஈரம் காயறதுக்குள்ள ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனதால வந்தது அது.

525 ஆஃப்செட், அதாவது செதுக்குன தகடு இல்லாம வழவழப்பான பரப்புல இருந்து அடிச்சது. முதல் உலகப்போர் சமயத்துல மை தரம் கெட்டு ப்ளேட் சீக்கிரம் தேஞ்சதால 1918-20ல இப்படி அடிச்சாங்க. இதுக்கு ஸ்கேல் தேவையில்ல. ஸ்டாம்ப் மேல அலுமினிய ஃபாயில் வச்சு விரலால தேச்சுப் பாருங்க, எங்ரேவிங்னா (செதுக்குன தகட்டுல அடிச்சதுனா) கோடு ஃபாயில்ல எழும்பும், ஆஃப்செட்னா வழவழன்னு அப்படியே இருக்கும். வாஷிங்டனோட தலைமுடிக் கோடெல்லாம் மங்கலா இருக்கறது லென்ஸ்லயே தெரியும்.

கலர வச்சு நம்பர் சொல்றவங்கள மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. வெயில், தண்ணி, நூறு வருஷப் பழசு, எல்லாம் சேந்து பச்சைய என்ன வேணா பண்ணியிருக்கும்.

அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங் நினைவா 1923ல வந்த கருப்பு 2 சென்ட்லயும் இதே கதைதான். 610 ஃப்ளாட் ப்ளேட், 613 ரோட்டரி, ரெண்டும் பெர்ஃப் 11, 613 ரொம்ப ரொம்ப அரிது. உங்க ஆல்பத்துல 610னு எழுதி ஒட்டி வச்சிருக்கறத இன்னைக்கே அளந்து பாருங்க. உயரம் 22.5 மி.மீ. வந்துச்சுன்னா தண்ணில போடாதீங்க, ஹிஞ்ச் (ஆல்பத்துல ஒட்டற பசைத் துண்டு) ஒட்டாதீங்க, வாங்க வர்றவங்க விலை சொன்னா தலையாட்டாதீங்க, நேரா ஸ்டாம்ப் நிஜமான்னு பாத்துச் சொல்ற நியூயார்க் ஃபிலடெலிக் ஃபவுண்டேஷன் மாதிரி இடத்துக்கு அனுப்பி சர்டிஃபிகேட் வாங்குங்க. 544க்கும் அதேதான், சர்டிஃபிகேட் இல்லாம யாரும் அந்த விலை தர மாட்டாங்க, நீங்களும் தராதீங்க.