ஒரு கேஒய்சி மாடல், பல கடன்கள்: கமுண்டா 7-இல் கால் ஆக்டிவிட்டி அனுபவம்

வேலையின் படிகளைப் படமாக வரைந்தால் அதன்படி நடத்தும் மென்பொருளான கமுண்டா 7-இல் கடன் வழங்கும் வேலைகளை ஓட்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கடன், வாகனக்கடன், நகைக்கடன் என்று தனித்தனி ப்ராசஸ்கள். மாடல், அதாவது ப்ராசஸின் படம், வரைவது என் பொறுப்பு, நிரல் எழுதுவது டெவலப்பர்களின் பொறுப்பு. இந்த மென்பொருளின் எல்லா அம்சங்களையும் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு மாடலை இன்னொரு மாடலிலிருந்து அழைக்கும் வசதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நாலைந்து ப்ராசஸ் சேர்ந்த பிறகு அன்றாட வேலை இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

இந்தப் படங்களை வரையும் பொதுக் குறியீட்டு முறை பிபிஎம்என். 2011-இல் வந்த அதன் 2.0 பதிப்பு, ஒரு மாடலுக்குள் இன்னொரு ப்ராசஸை வைக்கும் இரண்டு வழிகளைத் தெளிவாகப் பிரிக்கிறது. மெல்லிய விளிம்புள்ள பெட்டி சப்-ப்ராசஸ். அது தாய் மாடலுக்குள்ளேயே இருக்கும், வேறு யாரும் அதை எடுத்தாள முடியாது. தடித்த விளிம்புள்ள பெட்டி கால் ஆக்டிவிட்டி. அது தனிக் கோப்பில் இருக்கும் இன்னொரு ப்ராசஸை அதன் ஐடியைச் சொல்லி அழைக்கும். படத்தைச் சுருக்கிக் காட்டினால் போதும் என்றால் முதலாவது. பல இடங்களில் பயன்பட வேண்டும் என்றால் இரண்டாவது. எங்களிடம் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு, இரண்டாம் வகை.

இதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது வீடியோ வழி அடையாளச் சரிபார்ப்பைச் சேர்த்தபோது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதித்த முறை அது. கேஒய்சி மாடலில் ஒரு கேட்வே (பாதை பிரியும் இடம்), ஒரு புதிய பாதை, அவ்வளவுதான். மூன்று கடன் மாடல்களிலும் ஒரு கோடுகூட நகரவில்லை. பழைய வாடிக்கையாளரின் விவரங்களைப் புதுப்பிக்கும் ப்ராசஸும் இதே மாடலைத்தான் அழைக்கிறது. அதிக அபாயப் பிரிவினருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரப் பிரிவினருக்கு 8, குறைந்த அபாயப் பிரிவினருக்கு 10 என்ற கணக்கு அந்தத் தாய் மாடலில் இருக்கிறது. சரிபார்ப்பது எப்படி என்பது கேஒய்சி மாடலில் இருக்கிறது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ப்ராசஸ் கூடவே சுமந்து செல்லும் தகவல்களான வேரியபிள்கள் விஷயத்தில் கமுண்டா 7 கறார். எதை அனுப்பச் சொல்கிறோமோ அது மட்டும்தான் உள்ளே போகும். எதைக் கேட்கிறோமோ அது மட்டும்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் அனுப்பு என்று சொல்லவும் வழி உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். நகைக்கடனின் தங்க எடை கேஒய்சி-க்கு எதற்கு? வாடிக்கையாளர் எண், பிறந்த தேதி, முகவரி, இவை போதும். திரும்பி வருவது ஒரு முடிவும் அதற்கான காரணமும். இந்தச் சிறு பட்டியலைப் படம் வரைவதற்கு முன்பே எழுதி, எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுவோம். பிசினஸ் கீயும், எங்களுக்கு அது கடன் எண், தானாகப் போகாது, தனியாக அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால் காக்பிட் என்ற கண்காணிப்புத் திரையில் கடன் எண்ணை வைத்து அந்தக் கேஒய்சியைத் தேடிப் பிடிக்க முடியாது.

உண்மையான தலைவலி எந்த வெர்ஷனை அழைப்பது என்பதில்தான். ஒன்றும் சொல்லாவிட்டால் 'லேட்டஸ்ட்'. தாய் ப்ராசஸ் தொடங்கிய நாளில் எது புதியதோ அது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கால் ஆக்டிவிட்டியை வந்தடையும் நொடியில் எது புதியதோ, அது. வீட்டுக்கடன் விண்ணப்பம் வாரக்கணக்கில் ஓடும். போன மாதம் பழைய வெர்ஷனில் தொடங்கிய விண்ணப்பம் இன்று கேஒய்சிக்கு வருகிறது. இடையில் புதிய கேஒய்சி மாடல் ஏறியிருக்கிறது, அது 'சரிபார்ப்பு முறை' என்றொரு வேரியபிளை எதிர்பார்க்கிறது. பழைய தாய்க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்ணப்பம் கேட்வேயில் நின்றுவிடும்.

'டிப்ளாய்மெண்ட்' என்று வைத்தால் தாயும், அது அழைக்கும் மாடலான குழந்தையும் ஒன்றாக ஏறிய ஜோடியாகவே ஓடும். பாதுகாப்பானது. ஆனால் கேஒய்சி விதி மாறினால் எல்லாத் தாய்களையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஓடும் விண்ணப்பங்கள் பழைய விதியிலேயே போகும். சட்டம் சார்ந்த வேலையில் அது ஏற்க முடியாதது. அதனால் ஒரே அமைப்பை எல்லாவற்றுக்கும் வைப்பதில்லை. கேஒய்சி போன்றவற்றுக்கு லேட்டஸ்ட். கடன் ஒப்பந்தம் தயாரிக்கும் மாடலுக்கு டிப்ளாய்மெண்ட், ஏனென்றால் வாடிக்கையாளருக்குச் சொன்ன நிபந்தனை நடுவழியில் மாறக்கூடாது. லேட்டஸ்ட் வைத்த மாடல்களுக்கு ஒரு கட்டுப்பாடு: புதிய வேரியபிள் சேர்த்தால், அது வராவிட்டாலும் மாடல் ஓட வேண்டும். பெயர் மாற்றுவதோ நீக்குவதோ கட்டாயமானால் புதிய ஐடியில் புதிய மாடல். குறிப்பிட்ட வெர்ஷன் எண்ணையோ வெர்ஷன் டேகையோ சொல்லியும் அழைக்கலாம், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கூட்டுக் கடனில் விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர், ஜாமீன்தாரர் என்று ஒவ்வொருவருக்கும் கேஒய்சி வேண்டும். கால் ஆக்டிவிட்டியை மல்ட்டி-இன்ஸ்டன்ஸ் ஆக்கினால் ஆளுக்கு ஒன்றாக, ஒரே நேரத்தில் ஓடும். அருமையான வசதி. ஆனால் எல்லோருடைய முடிவும் தாயில் ஒரே பெயருக்கு வந்தால் கடைசியாக முடிந்தவருடையதுதான் மிஞ்சும். இதற்கு ஆளுக்கொரு பெயரில் முடிவைச் சேமிக்கும் வழியைத் தொடக்கத்திலேயே வடிவமைத்துவிட வேண்டும்.

பிழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை எழுப்பும் பிபிஎம்என் எரரைத் தாய், கால் ஆக்டிவிட்டியின் விளிம்பில் பிடித்துக்கொள்ளலாம். யாரும் பிடிக்காவிட்டால், வழக்கமான அமைப்பில் மாடலை ஓட்டும் எஞ்சின் அந்தப் பாதையைச் சத்தமில்லாமல் முடித்துவிடும்; லாகில் ஒரு வரி இருக்கும், அவ்வளவே. அதை எக்ஸெப்ஷனாக மாற்றும் செட்டிங் உண்டு. முதல் நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் பொது மாடலாக்கும் ஆசையும் வரும். எஸ்எம்எஸ் அனுப்புவதற்குக்கூடத் தனி மாடல் கேட்டவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு அழைப்பும் தனி இன்ஸ்டன்ஸ், அதாவது தனி ஓட்டம். கிளை அலுவலகத்தில் "என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது" என்று கேட்டால் மூன்று அடுக்கு இறங்கித் தேட வேண்டியிருக்கும். ஒரு வேலைக்குத் தனி உரிமையாளர் இருந்து, அது தனி வேகத்தில் மாறுவதாக இருந்தால் மட்டும் பிரிக்கிறேன். கேஒய்சிக்குக் கம்ப்ளையன்ஸ் பிரிவு உரிமையாளர். எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படி யாரும் இல்லை.

கமுண்டா 7-இன் இலவசப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24-உடன் நின்றுவிட்டதால் 8-க்கு நகரத் தொடங்கியிருக்கிறோம். அங்கே வழக்கமே தலைகீழ்: தாயின் வேரியபிள்கள் எல்லாம் தானாகக் குழந்தைக்குப் போகும், நாம்தான் நிறுத்த வேண்டும். லேட்டஸ்ட், டிப்ளாய்மெண்ட், வெர்ஷன் டேக் என்ற தேர்வுகள் 8.6 முதல் அங்கும் இருக்கின்றன. நகைக்கடனை முதலில் எடுத்திருக்கிறோம், அது அழைக்கும் மாடல்கள் குறைவு. ஆனால் ஒரு எஞ்சினிலிருந்து இன்னொரு எஞ்சினைக் கால் ஆக்டிவிட்டி அழைக்காது. ஆகவே வீட்டுக்கடன் நகரும்வரை கேஒய்சி மாடல் இரண்டு பக்கமும் இருக்கும். அதுவரை அதில் எந்த மாற்றம் வந்தாலும் இரண்டையும் ஒரே நாளில் ஏற்றுவது என்று கம்ப்ளையன்ஸ் பிரிவோடு பேசி முடிவு செய்திருக்கிறோம்.