பிராக்கா, வியன்னாவா: அக்டோபருக்கு எது, நவம்பருக்கு எது?

இலையுதிர் காலத்தில் மத்திய ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பிராக்குக்கும் வியன்னாவுக்கும் நடுவில் தடுமாறுவது வழக்கம். அழகை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தேதியை வைத்துத் தீர்க்கலாம். கோடை நேரம் முடிவதால், அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். அன்றிலிருந்து இரண்டு ஊர்களிலும் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன்பு என்றால் பிராக், பின்பு என்றால் வியன்னா என்பேன்.

பிராக், வெளியே நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைக் கோடைப் பகலில் தோள் இடிபடாமல் கடக்க முடியாது. விடியலில் போகலாம் என்றால், ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். அக்டோபர் நடுவிலோ ஏழே கால் தாண்டித்தான் சூரியன் எழும். காபி குடித்துவிட்டே கிளம்பலாம். வல்தாவா ஆற்றின் மீது பனிமூட்டம் இறங்கிய காலையில் பாலத்துச் சிலைகள் முப்பதும் கறுத்த உருவங்களாக ஒவ்வொன்றாகத் தெரியவரும். புனிதர் நேபோமுக் யோவான் சிலையின் பீடத்தில் உள்ள வெண்கலப் பலகையையும் அப்போது நிதானமாகப் பார்க்கலாம்: பலகை முழுதும் கறுத்திருக்க, கைகள் தொட்டுத் தொட்டு ஒரு பகுதி மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. பிறகு எதிர்க்கரையில் பெத்ரீன் குன்றின் பழத்தோட்டங்கள் வழியாக ஏறினால், மஞ்சள் இலைகளுக்கு இடையே செந்நிறக் கூரைகள்.

நவம்பர் பிறந்ததும் பிராக் கோட்டையின் புனித விட்டஸ் பேராலயத்தையும் பழைய அரண்மனையையும் மாலை நான்கு மணிக்கே மூடிவிடுகிறார்கள். மழையும் சேர்ந்துகொண்டால் பாதி நாள் போயிற்று.

வியன்னாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் செல்வமெல்லாம் கூரைக்குக் கீழே இருக்கிறது. 1891-இல் திறந்த கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக ஒரே இடத்தில் உள்ளன. அவர் 1565-இல் தீட்டிய, மாட்டு மந்தை மலையிலிருந்து ஊர் திரும்பும் ஓவியத்தின் முன் நவம்பரில் நின்று பாருங்கள். இலை கொட்டிய மரங்கள், மேலே திரளும் கருமேகம், முதுகைக் காட்டியபடி நடக்கும் பழுப்பு மாடுகள். வெளியே நிலவும் அதே பருவம்தான் சுவரிலும். வியாழக்கிழமைகளில் அருங்காட்சியகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அரசு ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட், நல்ல இருக்கையின் விலையில் சிறு பங்குதான்.

ஒன்றில் மட்டும் வியன்னாவுக்கும் அக்டோபரே சரி. 'டி' டிராமில் ஏறி நுஸ்டோர்ஃபில் இறங்கினால் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள். நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கலான புது ஒயினை 'ஷ்டுர்ம்' என்று விற்பார்கள். பாட்டிலை இறுக்கி மூட மாட்டார்கள், மூடினால் வெடித்துவிடும்.

செலவில் பிராக் சற்று இலகு. அங்கே யூரோ அல்ல, கொருனா. ஷெங்கன் விசா ஒன்றே இரண்டுக்கும் போதும், ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். கடைசி ஞாயிறை நடுவில் வைத்து, பிராக்கை முதலில் முடித்துவிட்டு வியன்னாவுக்கு ரயில் ஏறுங்கள். அங்கே திங்களன்று மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். இந்தப் பருவத்தில் அன்று விடுமுறை.