இங்கிலாந்து டிராகனா, பாரசீக டிராகனா?

இடைக்கால இங்கிலாந்தின் விலங்கு நூல்களில் டிராகன் யானையின் பரம வைரி. கால்களைச் சுற்றி வளைத்து மூச்சுத் திணறடித்துக் கொல்லுமாம். பலம் பல்லில் இல்லை, வாலில். பிறப்பிடம் எத்தியோப்பியாவும் இந்தியாவும் என்று வேறு எழுதிவைத்தார்கள். நம் யானைகளுக்கே இது புதுச் செய்தி! படங்கள் தட்டையானவை, கோடுகள் அழுத்தமானவை. 13ஆம் நூற்றாண்டின் ஹார்லி 3244 என்ற எண்ணுள்ள ஆங்கிலச் சுவடியில், இறக்கையும் கால்களுமாக, இன்று நாம் அறிந்த உருவம் வந்துவிடுகிறது.

பாரசீக டிராகன் வந்த வழியே சுவையானது. மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் சீன டிராகன் ஈரானிய ஓவியத்துக்குள் நுழைந்தது. சீனத்தில் மழை தரும் சக்தி. ஈரானிய மன்னர்களின் காவியமான ஷாநாமாவின் ஏடுகளிலோ அதே பாம்புடலோடு வெட்டுப்பட்டுச் சாகும் வில்லன். 1330களில் தீட்டப்பட்ட ஓர் ஏடு அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்னன் பஹ்ராம் கூர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். எதிரே மரத்தோடு பின்னிக் கிடக்கிறது டிராகன். மன்னனின் முகம் தெரியாததால் கண் நேரே அந்த முறுக்கிய உடலின் மீதுதான் போய் விழுகிறது.

ஓவியமாகப் பார்த்தால் என் ஓட்டு பாரசீகத்துக்கே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புரட்டுவதானால் மட்டும் ஆங்கிலச் சுவடி.